ஒரு சாண் இடது பக்கம்

புது ட்ரெய்லரின் ஓட்டுநராகப் பெயர் எழுத லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டேன். ஜெய்னுலாப்தீன் பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் அந்தச் சின்னப் புத்தகம், மடிப்புக் கிழியாமல் இருந்தது.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க தாயி" என்றார். "பத்தொம்பது வருசம். ஒரு சொட்டுச் சிவப்பு மை கெடையாது."

ஓட்டுநர் எதற்காவது தண்டிக்கப்பட்டால் அதிகாரி எழுதிக் கையெழுத்திடுவதற்காக விடப்பட்ட பக்கங்கள் அவை. பாயின் புத்தகத்தில் அவை வெறுமையாக இருந்தன. மற்ற டிரைவர்கள் மகள் கல்யாணப் படத்தைக் காட்டுவதுபோல அவர் அந்த வெற்றுப் பக்கங்களைக் காட்டுவார்.

அது 1994, தை மாதம். ராஜபாளையத்தில் மதுரை சாலையில் இருந்த வைகுண்டராஜ் முதலாளியின் லாரி ஆபீஸில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதலாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் தட்டுவேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் படித்துச் சொல்வேன். பத்தாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் படித்த ஆள் அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான்.

அதுவரை முதலாளியிடம் இருந்தவை பத்து டன் லாரிகள். மில்காரர்கள் நூலைக் கன்டெய்னரில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பத் தொடங்கியதும் அவரும் ஒரு நாற்பதடி ட்ரெய்லர் வாங்கத் துணிந்தார். இழுக்கிற முன்வண்டி ஒரு கம்பெனி, பின்னால் வருகிற ட்ரெய்லர் இன்னொரு கம்பெனி. ட்ரெய்லர் செய்கிற பட்டறை கோயம்புத்தூரையும் தாண்டி இருந்தது. போய் எடுத்து வர யாரை அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பாயின் மனைவி மெகராஜ் பேகம் அன்று சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஆபீஸுக்கு வந்திருந்தார். "நாற்பதடியாமே. இனி கேக்கவே வேண்டாம்" என்றார் என்னிடம். "இவியளுக்கு நான் வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாச்சும்மா. என் மூஞ்சிய ஏறிட்டுப் பாத்தது எம்புட்டு நேரம்னு நெனைக்கீங்க? கண்ணாடியில பின் டயரைப் பாத்ததுல பத்துல ஒரு பங்கு இருக்காது."

"பின் டயரு திட்டாது" என்றார் பாய்.

அவர் புதன்கிழமை கிளம்பினார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறையில் ட்ரெய்லரை முன்வண்டியோடு கோத்துக் கொடுத்தார்கள். வெளியே விடுவதற்கு முன் வாட்ச்மேன் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால்தான் கேட் பாஸ். முழுக்க ஆங்கிலம். எங்கும் அப்படித்தான் வழக்கம், முதலில் கையெழுத்து, பிறகு கேட், அதன் பிறகுதான் வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியும். பாய் தமிழில் மு. ஜெய்னுலாப்தீன் என்று பெரிதாகப் போட்டுவிட்டு வந்தார்.

கோணல் அவருக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு, கல்லுப்பட்டியைத் தாண்டியதும். சாலையில் குழாய் உடைந்து தண்ணீர் பரவியிருந்தது. அதைக் கடந்ததும் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். முன்வண்டியின் டயர் விட்டுச் சென்ற ஈரக் கோட்டின் மேல் ட்ரெய்லரின் டயர் ஏறவில்லை. அதற்கு வெளியே, இடது பக்கம், தனியாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. நிறுத்தி இறங்கிச் சாணால் அளந்தார். ஒரு சாண் சரியாக இருந்தது. நாற்பதடி நீளமும் நண்டு மாதிரி ஒருச்சாய்த்து வந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு அவர் எங்கள் லாரி செட்டுக்குள் நுழைந்தபோது முதலாளியின் மனைவி தங்கபாய் அம்மாள் தாம்பாளத்தோடு நின்றார். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், மாலை. பத்தரைக்குள் பூஜை முடிய வேண்டும். சூடம் ஏற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"வண்டி எப்படி ஓடுது பாய்?"

பாய் ஒரு கணம் நின்றார். நான் அருகில்தான் இருந்தேன். பிறகு சொன்னார்: "முத்து மாதிரி ஓடுதும்மா."

எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. பூசணிக்காய் உடைந்தது. பாய் கொண்டுவந்த காகிதங்களை என்னிடம் கொடுத்தார்கள். என் இன்னொரு கையில் லட்டு இருந்தது. டெலிவரித் தாளைத் துளை போட்டு ஃபைலில் கோத்தேன். படிக்கவில்லை. அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது அப்போது என் நினைவில் இல்லை.

சனிக்கிழமை மில்லில் இன்னொரு பூஜை. ஞாயிறு ஆபீஸ் இல்லை. திங்கட்கிழமை காலை, முதலாளி தனியாக இருக்கும்போது பாய் வந்து மேஜையின் எதிரே நின்றார்.

"மொதலாளி, ட்ரெய்லரு ஒரு சாண் இடது பக்கம் ஒதுங்கி வருது."

முதலாளி பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை முத்து மாதிரி ஓடுதுன்னீரு?"

"அம்மா சூடத்தோட நிக்காக. வண்டிக்கு மொத மாலை விழுகுது. அந்த நேரத்துல கோணல்னு எப்படி வாய் வரும் மொதலாளி? நீங்களா இருந்தா சொல்வீங்களா?"

முதலாளியும் சொல்லியிருக்கமாட்டார். புது மணப்பெண் வாசலில் நிற்கும்போது யாரும் குறை பேசுவதில்லை.

செட்டின் ஃபிட்டர் சந்தனத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பாயை மாப்ளே என்பார், பாய் அவரை மாமா என்பார். எந்த உறவும் கிடையாது, ஒரே வயது. சந்தனம் ஒரு நூலை எடுத்தார். முன்வண்டியோடு ட்ரெய்லரைக் கோக்கும் முளையில் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளப் பாயை அடியில் படுக்க வைத்தார். மறுமுனையைப் பின் அச்சின் இடது நுனி வரை இழுத்து முடிச்சுப் போட்டார். அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோனார். முடிச்சு, நுனியைத் தாண்டித் தொங்கியது.

"ரெண்டு விரக்கடை வித்தியாசம் மாப்ளே. அச்சைத் தாங்குற பட்டையோட பிடியக் கோணலா வெல்டிங் வச்சிருக்கான். புதுப் பெயின்டு பளபளன்னு அடிச்சிருக்கான், அதுல கொறையில்ல."

"சரி பண்ண எம்புட்டு நாளாகும்?"

"நாளா? அறுத்து வச்சு ஒட்ட ஒரு பகல். நூலும் கேஸ் சிலிண்டரும் போதும்."

முதலாளியின் முகம் தெளிந்தது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவோம் என்றார். கடிதத்தில் குறிப்பிட டெலிவரித் தாளின் எண் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஃபைலைத் திறந்தேன். அப்போதுதான் படித்தேன்.

வண்டியை முழுமையாகப் பரிசோதித்தேன், எல்லாம் சரியாக உள்ளது என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட வரியின் கீழே பாயின் கையெழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. குறை ஏதும் இருந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் அல்லாத எவரும் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைத்தால் ஒரு வருடக் காரண்டி ரத்தாகும்.

எழுபத்திரண்டு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே முடிந்திருந்தது.

தமிழில் படித்துச் சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ, பாய் என்னைப் பார்த்து, "நீங்க என்ன தாயி செய்வீங்க, எழுதுனது அவன்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கடிதம் போனது. அதற்குப் பதில் வருவதற்குள், வண்டியைப் பதிவு செய்வதற்காகப் பரிசோதனைக்குக் காட்டவேண்டிய நாள் வந்தது. லாரிக்காரர்கள் அதை எப்.சி. காட்டுவது என்பார்கள். பரிசோதிக்கும் மோட்டார் வாகன அதிகாரியை எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். காகிதங்களோடு என்னையும் அனுப்பினார்கள். சந்தனமும் வந்தார். பாய்க்கு நம்பிக்கை இருந்தது. "அவரு கவர்மென்டு. அவரு ஒரு வரி கோணல்னு எழுதிட்டா கம்பெனிக்காரன் வந்துதான ஆகணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு பொட்டலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. லாரி, வேன், ஆட்டோ, கரும்பு டிராக்டர். இன்ஸ்பெக்டர் ஒருவரே. ஹாரன், விளக்கு, பின்னால் சிவப்புப் பட்டை, எண் பலகையின் உயரம் எல்லாவற்றையும் பார்த்தார். இருபதடி ஓட்டச் சொல்லி பிரேக் போடச் சொன்னார். நின்றது.

"சார், ஒரு சின்ன விசயம்" என்றார் பாய். "இது இடது பக்கம் ஒதுங்கி வருது. நூல் பிடிச்சா தெரியும்."

"நூலா? பிரேக் பிடிக்குதா?"

"பிடிக்குது சார்."

"விளக்கு எரியுதா?"

"எரியுது. ஆனா சார், செத்த நேரம்..."

பாய் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி வந்தார். தரையில் அகலமாக ஊற்றினார். சந்தனம் எல்லோரையும் ஒதுக்கினார். பாய் ஏறி, வண்டியை அந்த ஈரத்தின் மேல் நேராக ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதித்து வந்தார். முன்வண்டியின் கோடு ஒன்று, ட்ரெய்லரின் கோடு ஒன்று. தெளிவாகத் தெரிந்தது. நானே பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் அப்போது பக்கத்து வேனுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினார். மணி இரண்டு. பொட்டல் மண் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"காஞ்சு போறதை வச்சு நான் என்னத்தைய்யா எழுத?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "அடியில போய்ப் பாக்க இங்க குழி இருக்கா? அளக்க என்கிட்ட என்ன இருக்கு? கம்பெனிக்காரன் செஞ்சு, சர்க்கார் ஒப்புதல் வாங்கி, புத்தம் புதுசா அனுப்பியிருக்கான். நீரே சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீரு. இன்னும் நாற்பது வண்டி நிக்குது. நகருங்க."

தகுதியானது என்று முத்திரை விழுந்தது. சந்தனம் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு, "வா மாப்ளே. குடத்தையாவது நேரா கொண்டுபோய்க் குடுப்போம்" என்றார். பாய் சிரிக்கவில்லை.

முதலில் போனதையும் சேர்த்து மூன்று மாதத்தில் மூன்று கடிதங்கள் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் ஃபைலில் இருந்தது. முதல் கடிதத்துக்கு வந்த பதில், கையெழுத்தைச் சுட்டிக்காட்டியது. இரண்டாவதற்கு வந்தது, வெளியாட்கள் வெல்டிங் வைத்தால் காரண்டியோடு, வண்டி வாங்கிய கடனின் ஒப்பந்தமும் பாதிக்கப்படும் என்று எச்சரித்தது. மூன்றாவதற்குக் கம்பெனி ஒரு இன்ஜினீயரை அனுப்பியது. அவர் செட்டில் காலியாக நின்ற வண்டியைச் சுற்றி வந்தார். நூலைப் பிடிக்கவில்லை. இளநீர் குடித்தார். வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அவரு அனுமதிச்சுட்டாரு" என்றார் சந்தனம். "ரோடு அனுமதிக்கணும்ல."

முதலாளி கெட்டவர் அல்ல. ஒரு வருடம் பொறுப்போம், காரண்டி முடிந்த மறுநாளே அறுத்துச் சரி செய்துவிடுவோம் என்றார். வாரத்துக்கு மூன்று டிரிப் மில்லுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேறு ஒருவரை ஓட்டச் சொல்லவா என்றுகூடக் கேட்டார். பாய்தான் மறுத்தார். "கோணல் எனக்குத் தெரியும். தெரியாதவன் கையில குடுத்தா அது பாவம்."

அப்படியே ஓட்டினார். சாலையில் முன்வண்டியை ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதலாக வலது பக்கம் தள்ளி வைத்துக்கொள்வார். அப்போது ட்ரெய்லர் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். லோடு ஏறினால் ஒதுக்கம் இன்னும் அதிகமாகும். டிரிப் முடித்து வந்தால் வலது தோள் இறங்கி, கழுத்து திரும்பியே இருக்கும். "பேசும்போதாவது இந்தப் பக்கம் திரும்புங்க" என்பாராம் மெகராஜ் பேகம். எட்டு மாதம் ஒரு கீறல்கூட விழவில்லை.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்ற சிறு குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க விடியும் முன்பே கூட்டம் கிளம்பிவிடும். ராஜபாளையத்திலிருந்து சாலை ஓரம் முழுக்க நடக்கிறவர்கள், சைக்கிள்கள். அன்று வண்டி எடுக்க வேண்டாம் என்று பாய் கேட்டுப் பார்த்தார். கப்பல் திங்கட்கிழமை. கன்டெய்னர் ஞாயிறு காலை துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்பினார், மெதுவாகத்தான்.

சேத்தூரைச் சேர்ந்த ஐயாதுரை மில்லில் வேலை செய்கிறவர். வார லீவில் மலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பாய் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஹாரன் அடித்தார். ஐயாதுரை ஓரம் ஒதுங்கினார். அவரைத் தாண்ட ஆரம்பித்த நேரத்தில் எதிரே ஸ்பெஷல் பஸ் ஒன்று நடக்கிறவர்களுக்கு விலகி, சாலை நடுவுக்கு வந்துவிட்டது. பாய் அந்த ஒரு சாணை விட்டுக்கொடுத்து முன்வண்டியை இடது பக்கம் எடுத்தார். வேறு இடம் இல்லை. முன்வண்டி ஐயாதுரையைத் தொடாமல் தாண்டியது. ட்ரெய்லர் தாண்டவில்லை.

பாய் அதைக் கண்ணாடியில் முழுவதும் பார்த்தார்.

ஐயாதுரையின் வலது காலை மதுரை பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஜாமீனில் வந்த பாய், மறுநாளே ஆரஞ்சுப் பழத்தோடு அங்கே போனார். மெகராஜ் பேகம் உடன் போனார். அவர்தான் எனக்குப் பிறகு சொன்னார்.

ஐயாதுரையின் மனைவி ஆவுடையம்மாள் பழத்தை வாங்கவில்லை. "கண்ணை எங்கய்யா வச்சிருந்தீரு?" என்று கேட்டிருக்கிறார்.

"கண்ணாடியிலதான் தாயி" என்றாராம் பாய்.

ஐயாதுரை மெதுவாகச் சொன்னாராம்: "முன்வண்டி என்னையத் தாண்டிருச்சு. தாண்டிருச்சேன்னுதான் பாய் நானும் நெனச்சேன்."

விபத்துக்குள்ளான வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வைத்துப் பிரேக் இன்ஸ்பெக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அதே இன்ஸ்பெக்டர்தான் வந்தார். கன்டெய்னரை இறக்கிவிட்டிருந்தார்கள். ஹாரன், விளக்கு, பிரேக். அறிக்கையின் நகல் ஆபீஸுக்கு வந்தபோது பாய் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"படிங்க."

படித்தேன். இந்த விபத்து வாகனத்தின் எந்த இயந்திரக் கோளாறினாலும் ஏற்பட்டதல்ல.

"அப்படின்னா?"

"வண்டி மேல தப்பு இல்லைன்னு அர்த்தம் பாய்."

"வண்டி மேல இல்லைன்னா?"

நான் தாளை மடித்தேன். அவருக்குப் பதில் தெரியும்.

என்னிடம் மூன்று கார்பன் நகல்கள் இருந்தன. தேதியோடு, எண்ணோடு, ஒரு சாண் இடது பக்கம் ஒதுங்குகிறது என்று நானே தட்டியவை. அவற்றை வக்கீலிடம் காட்டலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த ஆபீஸில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும். முதலாளி என்னையும் பாயையும் வக்கீலிடம் அழைத்துப் போனார்.

வக்கீல் மூன்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல கடிதங்கள். கோர்ட்டுல இதைக் காட்டினா என்ன ஆகும் தெரியுமா? கோளாறு இருக்குன்னு தெரிஞ்சே எட்டு மாசம் ரோட்டுல விட்டீங்கன்னு ஆகும். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும். கால் போன ஆளுக்கு நஷ்டஈடு யாரு குடுப்பா? வைகுண்டராஜால முடியுமா? கேஸ் பத்து வருஷம் இழுக்கும். அந்தாளு ஊன்றுகோலோட கோர்ட்டுக்கு அலைவாரு."

"காட்டலைன்னா?" என்றார் பாய்.

"டிரைவர் கவனக்குறைவு. இன்சூரன்ஸ் பணம் கட்டிடும். நீங்க குற்றத்தை ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லாமப் பாத்துக்கலாம். லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்க. பின்பக்கத்துல எழுதுவாங்க."

பாயின் கை சட்டைப் பையின் மேல் போய் நின்றது.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். முதலாளி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் பாய் என்னிடம் சொன்னார்: "அந்தக் காகிதத்த எடுத்து உள்ள வைங்க தாயி. அந்த மனுசனுக்குக் கால் போயிருச்சு. கஞ்சியும் போகணுமா?" மறுநாள் முதலாளி அந்த ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போனார். நானே கையில் கொடுத்தேன்.

கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் அடுத்த தை பிறந்துவிட்டது. காரண்டி முடிந்தது. முடிந்த மறுநாளே, சொன்னபடி, முதலாளி சந்தனத்திடம் அறுக்கச் சொன்னார். லைசென்ஸ் இன்னும் நிறுத்தப்படவில்லை என்றாலும் பாய் அந்த மூன்று மாதமாக எந்த வண்டியிலும் ஏறவில்லை. அன்று செட்டுக்கு வந்திருந்தார்.

சந்தனம் சிலிண்டர் கேஸைப் பற்ற வைக்காமல் நின்றார். "யோசிச்சியா மாப்ளே? இதை அறுத்து நேராக்கிட்டா, கோணல் இருந்துச்சுன்னு சொல்ல உலகத்துல ஒண்ணும் மிஞ்சாது. நாளைக்கு எவன் வந்து நூல் பிடிச்சாலும் நேராத்தான் இருக்கும்."

"தெரியும் மாமா."

"கோர்ட்டு கேஸ் முடியிற வரைக்கும் விட்டு வைப்போமே. வண்டி சும்மா நிக்கட்டும்."

"சும்மா நிக்குமா? மில்லுக்காரன் விடுவானா? நாளைக்கு எவனாவது ஏறி ஓட்டுவான். அவனுக்கு ஒரு சாண் தெரியாது." பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்தார். "நூலக் குடும்."

காலை எட்டுக்குத் தொடங்கினார்கள். மாலை ஐந்தரைக்கு முடிந்தது. கடைசியாக நூல் பிடித்தபோது முடிச்சு இரண்டு பக்கமும் அச்சின் நுனியில் சரியாக உட்கார்ந்தது. சந்தனம் சொன்னபடி ஒரு பகல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அந்த வருட ஐப்பசியில்தான் அழைத்தார்கள். வண்டியின் காகிதங்களோடு நான் போயிருந்தேன். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீரா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். பாய் சூடத்தின் முன்னால் நின்ற அதே ஒரு கணம். பிறகு, "ஒத்துக்கிடுதேன் சார்" என்றார்.

அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் விதித்தார்கள். அப்படி ஒரு தண்டனை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கோர்ட் ஹாலின் மூலையில் ஒரு பெஞ்சில், அன்றைய வேலை முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பதினொன்றரையிலிருந்து ஐந்து வரை அவர் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மெகராஜ் பேகம் வாசலிலிருந்து தூக்குச் சட்டியைக் காட்டினார். பாய் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஒவ்வொரு மணியும் தோன்றியது. என்ன சொல்வது, எதைக் காட்டிச் சொல்வது? ஐந்து மணிக்கு எல்லோரோடும் நானும் எழுந்தேன்.

ஒரு வருடம் கழித்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி, சிவப்பு மையில், ஆங்கிலத்தில். பாய் அதை என்னிடம் படிக்கச் சொல்லவில்லை. பழைய இரண்டு கவர்களையும் அவர் போடவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். ஐயாதுரைக்குப் பணம் வந்தது. சேத்தூரில் ஒரு பெட்டிக்கடை வைத்தார் என்று கேள்வி. பாயை எந்த முதலாளியும் பெரிய வண்டியில் ஏற்றவில்லை. வைகுண்டராஜ் முதலாளி செட்டின் கேட்டில் அவருக்கு வேலை கொடுத்தார்.

ட்ரெய்லரை அதன் பிறகு சுந்தரபாண்டியன் என்று ஒருவர் ஓட்டினார். காலையில் அது கிளம்பும் முன் தூசி அடங்க வாசலில் தண்ணீர் தெளிப்பது கேட்காரர் வேலை. பாய் தெளிக்க மாட்டார், இரண்டு குடத்தை அகலமாக ஊற்றுவார்.

கல்யாணம் முடிந்து நான் வேலையை விடுவதற்கு முந்தின நாள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஈரத்தைக் கடந்து மதுரை சாலையில் ஏறியது. முன்வண்டியின் கோட்டின் மேலேயே ட்ரெய்லரின் டயர் போயிருந்தது. ஒரே கோடு. சுந்தரபாண்டியன் தலையை வெளியே நீட்டி, "என்ன பாய், தெனமும் அப்படி என்னத்தப் பாக்கீரு? வண்டிதான் முத்து மாதிரி ஓடுதே!" என்று கத்தினார்.

"ஓடுது, ஓடுது. போயிட்டு வா" என்றார் பாய்.

அவர் காலிக் குடத்தோடு அங்கேயே நின்றார். கோடு ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அது முழுதும் காய்ந்த பிறகு கேட்டை இழுத்துச் சாத்தினார்.